டிரம் மாற்றும் முன் கையால் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்

நீங்கள் எழுதியது இது: ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், வாங்கி நான்கு வருடம், மேடவாக்கம் பக்கம் அபார்ட்மென்ட், போர் தண்ணீர். துவைத்த துணியில் முடை நாற்றம், கதவு ரப்பரில் கறுப்பு. ஸ்பின் ஆரம்பித்து ஆரம்பித்து நின்றுபோகிறது, சில நாள் துணி சொட்டச் சொட்ட வெளியே வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக் "உப்புத் தண்ணி டிரம்மைத் தின்னுடுச்சு மேடம், டிரம் செட்டே மாத்தணும், பதினாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். மாற்றலாமா, அதோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, அந்த மனிதர் சொன்னது சரிதானா, அதை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தென்சென்னையில் இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டுவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. மெஷினைத் தொடாமல், சத்தத்தைக் கேட்காமல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் விவரத்தைப் படித்தவரைக்கும் ஒன்று கண்ணில் பட்டது. நாற்றம், கறுப்பு, ஸ்பின் நிற்பது என்று மூன்று புகார் சொல்லியிருக்கிறீர்கள். டிரம் செட் மாற்ற வைக்கும் கோளாறு பெரும்பாலும் முதலில் காட்டுவது சத்தத்தை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாற்றத்துக்கும், டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழல விடும் பேரிங்குக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்பின் நிற்பதற்கு டிரம் காரணமாக இருக்கலாம்தான், ஆனால் அந்த வரிசையில் அது கடைசியில் நிற்கும் ஆள்.

அதனால் முதல் வேலை, டிரம்மையே சோதித்துவிடுவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெல்ட் போட்ட மெஷின் என்றால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பெல்ட் இல்லாமல் டிரம்மோடு நேராக இணைத்த டைரக்ட் டிரைவ் மோட்டார் என்றால் லேசாகத் தடுக்கித் தடுக்கிப் போகும். அது மோட்டாரில் உள்ள காந்தத்தின் இழுப்பு, கோளாறு இல்லை. பேரிங் போயிருந்தால் அரிசி போடாமல் கிரைண்டர் கல்லை ஓட விட்ட மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வரும், கைக்கும் அது தெரியும். அடுத்து, டிரம்மின் மேல் விளிம்பை உள்பக்கமாகப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தூக்கினால் ஏதோ ஒன்று ஆடத்தான் செய்யும், ஏனென்றால் டிரம், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் டப், மோட்டார் எல்லாமே ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. கவனிக்க வேண்டியது, டப்பும் கதவு ரப்பரும் சேர்ந்து ஆடுகின்றனவா, அல்லது டப் அசையாமல் டிரம் மட்டும் தனியாக மேலும் கீழும் போகிறதா என்பது. சேர்ந்து ஆடினால் நல்லது. டிரம் மட்டும் தனியாக 'டக் டக்' என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. "பாருங்க மேடம், எப்படி ஆடுது" என்று யாராவது உங்கள் முன்னால் மொத்த டப்பையும் ஆட்டிக் காட்டியிருந்தால், அது நல்ல மெஷினிலும் அப்படித்தான் ஆடும்.

மூன்றாவதாக, டிரம்மைச் சுற்றும்போது அதன் விளிம்புக்கும் கதவு ரப்பருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால், பின்னால் டிரம்மைத் தாங்கும் மூன்று கை ஸ்பைடரில் விரிசல் இருக்கலாம். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டு உலோகமும் சேர்ந்து சோப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக ஊறும்போது அலுமினியம்தான் அரிக்கும். கழற்றிப் பார்த்தால் கைகளின் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் சோப்புக் கசடு அப்பியிருக்கும், அதற்கு அடியில் உலோகம் வெள்ளைப் பொடியாக உதிரும். மெக்கானிக் சொன்ன 'தின்னுடுச்சு' என்பதில் இவ்வளவு உண்மை உண்டு. உப்பு அதிகமான தண்ணீர் அதை வேகப்படுத்தும் என்பதும் நம்பக்கூடியதே. ஆனால் நான் கழற்றிய வரையில், கரையாத சோப்பும், கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவமும் அப்பிக் கிடந்த ஸ்பைடர்கள்தான் மோசமாக இருந்தன. தண்ணீர் எவ்வளவு, சோப்பு எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

இந்த மூன்று சோதனையில் ஒன்று தோற்றாலும் அவர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மாடலில் டப் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டதா, ஒட்டி மூடியதா? போல்ட் போட்டது என்றால் பேரிங்கையும், அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஆயில் சீலையும் மட்டும் மாற்றலாம், செலவு பாதிக்கும் கீழே வரும். ஒட்டி மூடியது என்றால் முழு செட்தான் வரும். அதில் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, கம்பெனி அப்படிச் செய்து வைத்திருக்கிறது. சிலர் டப்பை அறுத்துத் திரும்ப ஒட்டித் தருகிறார்கள். சில மெஷின் நன்றாக ஓடுகிறது, சிலது ஒட்டிய இடத்தில் கசிகிறது. நான் செய்வதில்லை.

மூன்று சோதனையிலும் மெஷின் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். பிறகு ஏன் ஸ்பின் நிற்கிறது? தண்ணீர் முழுதாக வெளியேறாமல் மெஷின் வேகமெடுக்காது. எனவே முன்பக்கம் கீழே ஒரு மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து டிரெய்ன் பம்ப் ஃபில்டரைப் பாருங்கள். நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் திறக்காத வீடுகள் ஏராளம். முதலில் பிளக்கை எடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆற விடுங்கள். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பானைப் பிடுங்கித் தட்டையான ஒரு தட்டில் தண்ணீரை இறக்குங்கள். குழாய் இல்லாத மாடலில் தரையில் பழைய துண்டைப் போட்டுவிட்டு, ஃபில்டரை ஒரே மூச்சில் கழற்றாமல் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிய விடுங்கள். உள்ளிருந்து வரும் நாற்றத்துக்குத் தயாராக இருங்கள். ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ், பாக்கெட்டில் மறந்த பில் கரைந்த கூழ், எல்லாவற்றையும் கட்டிப் போட்ட தலைமுடி என்று வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே பம்பின் சின்ன விசிறி தெரியும். அதை ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் அது சரி, அதிலும் காந்தம்தான். அசையவே இல்லை என்றால் முடியோ நூலோ சுற்றியிருக்கிறது. மூடும்போது ரப்பர் வளையத்தில் அழுக்கு இல்லாமல் துடைத்து முழுதாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாஷில் வீடெல்லாம் தண்ணீர்.

திரையில் ஏதாவது எழுத்து வந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. எல்ஜியில் 'ஓஈ', சாம்சங்கில் '5ஈ' அல்லது '5சி', பாஷில் 'ஈ18' என்று வந்தால் எல்லாம் சொல்வது ஒன்றுதான், தண்ணீர் வடியவில்லை. எல்ஜியிலும் சாம்சங்கிலும் 'யூஈ' என்று வந்தால் துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் விஷயத்தில் புகார் தொடர்ந்தால் டிரெய்ன் ஹோஸைப் பாருங்கள். நம் ஊரில் அதைப் பாத்ரூம் தரையில் போட்டுவிடுவது வழக்கம். பல மாடல்களில் அதன் முனை தரையிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும், ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரையிலேயே கிடந்தால் பம்ப் ஓடாமலே தண்ணீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். மெஷின் நிரப்ப, அது வடிய, ஒரு வாஷ் மூன்று மணி நேரம் இழுக்கும். துணிக்குச் சோப்பும் ஒழுங்காகச் சேராது. பின்னால் ஹோஸைத் தாங்க ஒரு கிளிப் இருந்திருக்கும், இன்ஸ்டால் செய்தவர் மாட்டினாரா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொண்டால், டப்பிலிருந்து, தண்ணீர் மட்டத்தை அளக்கும் பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயின் அடிப்பகுதியில் கசடு அடைத்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும் வேலைதான், ஆனால் மெஷினின் மூடியையே திறக்க வேண்டும் என்பதால் தெரிந்தவரிடம் விடுங்கள். அவரைக் கூப்பிட்டால் "பிரஷர் ஸ்விட்ச் ஹோஸ் பாத்தீங்களா" என்று மட்டும் கேளுங்கள். எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று மாற்றப்படும் போர்டுகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் குழாய் அடைப்புதான் இருந்தது.

லோடைப் பற்றி. ஒரே ஒரு கனமான பெட்ஷீட், ஒரு ஜமுக்காளம், ஒரு கால்மிதி என்று தனியாகப் போட்டால் எந்த மெஷினும் திணறும். அது தண்ணீரைக் குடித்து ஒரு பக்கம் உருண்டு உட்கார்ந்துகொள்ளும், மெஷின் பிரித்துப் போட முயன்று தோற்று நின்றுவிடும். கூட இரண்டு துண்டு போடுங்கள், சரியாகிவிடும். அதிகமாகத் திணிப்பதும் தப்பு. டிரம்முக்குள் துணிக்கு மேலே ஒரு கை படுக்கையாக நுழைய இடம் வேண்டும். நான்கு காலும் தரையில் அழுந்தியிருக்கிறதா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நாற்றம். நீங்கள் முதலில் சொன்ன புகார் இது, எனக்கும் இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஸ்பின் கோளாறுக்கும் பாதிக் காரணம் இங்கே இருக்கலாம். என்ன சோப்பு போடுகிறீர்கள், எவ்வளவு? கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போட்டால் நுரை பொங்கும். ஃப்ரண்ட் லோடு மிகக் குறைந்த தண்ணீரில், துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைக்கும் மெஷின். நுரை நிறைந்தால் துணி விழும் வேகம் குறையும், அழுக்கும் போகாது. அந்த நுரையைப் பம்பால் இழுக்கவும் முடியாது. ஸ்பின் நடுவில் நின்று, இன்னொரு முறை அலசி, மறுபடி முயன்று, கடைசியில் சொட்டச் சொட்டத் துணி வருவதற்கு இது ஒன்றே போதும். ஃப்ரண்ட் லோடு என்று போட்ட பவுடரோ லிக்விடோ மட்டும் வாங்குங்கள். உங்கள் தண்ணீர் உப்பு என்பதால் பாக்கெட்டில் கடினத் தண்ணீருக்கு என்று தனி அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள், கைக்கணக்கு வேண்டாம். அளவு சரியா என்று பார்க்க எளிய வழி: கடைசி அலசல் நடக்கும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள். அப்போதும் நுரை நின்றால் அதிகம்.

தங்கிப்போன சோப்பு, கம்ஃபர்ட்டின் மெழுகுப் பசை, துணியின் அழுக்கு மூன்றும் சேர்ந்து டப்பின் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலமாகப் படியும். கிருமி வளர்வது அதில்தான், முடை நாற்றம் வருவதும் அங்கிருந்துதான். எப்போதும் குளிர்ந்த தண்ணீரில், பதினைந்து நிமிட புரோகிராமில், லிக்விட் மட்டும் போட்டுத் துவைக்கும் வீடுகளில் இது வேகமாக வரும். லிக்விடில் கிருமியைக் கொல்லும் ஆக்ஸிஜன் பிளீச் இருக்காது, சில பவுடர்களில் இருக்கும். எனவே மாதம் ஒருமுறை டப் கிளீன் போடுங்கள். அந்தப் பட்டன் இல்லை என்றால் துணி இல்லாமல் காட்டன் புரோகிராமை 60 டிகிரிக்கு மேல் வைத்து ஓட்டுங்கள், ஆக்ஸிஜன் பிளீச் உள்ள பவுடர் கொஞ்சம் போட்டு. ரொம்ப நாளாக விட்டிருந்தால் முதல் தடவை கறுப்புச் செதில்கள் உதிர்ந்து வரும், பயப்படாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்தால் அடியில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் தெரியும். அவை அடைத்தால் தண்ணீர் மடிப்பிலேயே தேங்கும். பழைய டூத்பிரஷால் திறந்துவிடுங்கள். கடைசி வாஷ் முடிந்ததும் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவையும் சோப்பு டிராயரையும் திறந்தே வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவை ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு, குழந்தையால் இழுத்துத் திறக்க முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிளக் எப்போதும் ஆஃபில் இருக்கட்டும். ரப்பருக்குள் ஊறிவிட்ட கறுப்புக் கறை மட்டும் முழுதாகப் போகாது. நாற்றம் போனால் போதும், அழகுக்காக ரப்பரை மாற்றத் தேவையில்லை.

உப்புத் தண்ணீர் விவகாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சில் பாதிதான் சரி. டிடிஎஸ் மீட்டரில் 1200 காட்டுகிறது என்று பயமுறுத்துவார்கள். டிடிஎஸ் என்பது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்தது. மெஷினில் வெள்ளையாகப் படிந்து தொந்தரவு செய்வது அதில் முக்கியமாகக் கால்சியமும் மெக்னீசியமும், அதற்குக் கடினத்தன்மை என்று தனிச் சோதனை உண்டு. இந்தக் கடினத்தன்மைக்குக் குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. கடினத் தண்ணீர் சுடும்போதுதான் வெள்ளையாகப் படியும், அதுவும் முதலில் ஹீட்டரில். ஹீட்டரே போடாமல் துவைப்பவர்களுக்கு அந்தப் படிவு ரொம்பக் குறைவு. அவர்கள் கறுப்புச் சட்டையில் பார்க்கும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் சரியாக அலசாத சோப்பு. நீங்கள் வெந்நீரில் அடிக்கடி துவைப்பவர் என்றால், நாட்டுமருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, 100 கிராம் காலி டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஒரு வாஷ். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், அமிலம் அலுமினியத்துக்கும் நல்லதல்ல. கம்பெனி புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. எலுமிச்சை உப்பையும் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் லிக்விடையோ ஒன்றாகப் போடவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. வினிகரும் ஆப்பச் சோடாவும் சேர்த்துப் போடும் வீடியோ வைத்தியத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, குமிழி மட்டும்தான் மிச்சம். பைப்பில் கட்டும் காந்தக் கருவிகள் வேலை செய்ததாக நான் பார்த்ததில்லை. தண்ணீர் வரும் வழியில் வைக்கும், ரெசின் போட்ட வாட்டர் சாஃப்ட்னர் நிஜமாகவே கடினத்தன்மையை எடுக்கும், ஆனால் அதற்கு உப்பு போட்டுப் பராமரிக்க வேண்டும்.

தண்ணீர் ஏறவே நேரமாகிறது என்றால் இன்லெட் ஹோஸைக் கழற்றி, உள்ளே உள்ள சின்ன வலையைக் குறடால் மெதுவாக இழுத்துக் கழுவுங்கள். டேங்கர் லாரித் தண்ணீர் இறக்கிய பிறகு அதில் மணல் நிற்பது சகஜம். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும், அதாவது மெஷினுக்கு மேலே சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் தண்ணீர் மட்டம் இருக்க வேண்டும். தலைக்கு மேல் மொட்டை மாடியிலேயே டேங்க் என்றால் அது கிடைக்காமல் போகலாம்.

கரன்ட் விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஹீட்டர் சுமார் 2000 வாட் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராக இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. குளிர்ந்த தண்ணீரில் ஒழுங்காக ஓடும் மெஷின், வெந்நீர் போட்டால் சற்று நேரத்தில், கரன்ட் கசிந்தால் தானாக விழும் வீட்டு ட்ரிப்பரை விழ வைக்கிறது என்றால் ஹீட்டருக்குள் கரன்ட் கசிகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆள் வரும்வரை வெந்நீர் போடாதீர்கள். மெஷினின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்றால் ஒரு வாஷ்கூட ஓட்ட வேண்டாம்.

ஆக இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள், பிறகு ஃபில்டர், பிறகு ஹோஸ், பிறகு காலியாக ஒரு சூடான வாஷ். அடுத்த இரண்டு மூன்று வாஷுக்குச் சோப்பைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகும் ஸ்பின் நின்றால் அதே மெக்கானிக்கையே கூப்பிடலாம், ஆனால் டிரம் தனியாக ஆடுவதை உங்கள் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய செட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் பாகத்தின் எண் இருக்கட்டும். மெஷின்மேல் 'மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி' என்று ஸ்டிக்கர் இருந்தால் அது பெரும்பாலும் மோட்டார் பாகத்துக்கு மட்டும், பேரிங்குக்கும் லேபருக்கும் செல்லாது. ஒருவேளை புதுசே வாங்குவதாக முடிவானால், இன்ஸ்டால் செய்பவர் வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்திருக்கும், பின்னால் உள்ள டிரான்ஸிட் போல்ட்களை எல்லாம் கழற்றினாரா என்று நின்று பாருங்கள், அவற்றைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும்.